தானாகத் திறந்த பாகம்

போன திங்கட்கிழமை காலை, ஆபரேஷன் அறைக்கு வெளியே, என் சின்ன நாத்தனார்தான் இதை எனக்கு முதலில் சொன்னாள். உள்ளே கிடந்தவர் அவள் வீட்டுக்காரர். அவருடைய கண்ணாடியும் பெல்ட்டும் அவள் மடியில் இருந்தன. கேட்டுவிட்டு நான் சிரித்துவிட்டேன், கடவுள் மன்னிக்கட்டும். அவளும்தான் சிரித்தாள்.

அவர் அச்சகத்தில் பக்கம் அமைப்பவர். ஓர் எழுத்து மயிரிழை தள்ளி நின்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. மூன்று மாதமாக எழுத்தெல்லாம் நேராக நின்றும் இறங்கவில்லை. வயிற்றில் கட்டி. வெட்டி எடுக்கணும் என்றார் டாக்டர். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார் இவர், ஏதோ சட்டைத் துணி பார்க்கப் போன மாதிரி.

வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் அழுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையான பயம் வேறு. சொன்னால் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கத்திக்கு அடியில் படுக்க வைத்துவிடுவாள்.

ஒளித்துவைக்க அந்த வீட்டில் அவள் கை படாத இடம் ஒன்றே ஒன்றுதான். மகள் வேலைக்கு வெளியூர் போகுமுன் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, உள்ளே இருக்கும் டிஸ்கை இரண்டு பாகமாகப் பிரித்துவிட்டுப் போனாள். ஒன்றில் அன்றாட வேலை நடக்கும். இன்னொன்று தானாகத் திறக்காது. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அதைத் தொட்டு, பாஸ்வேர்ட் அடித்தால்தான் திறக்கும். நாத்தனாருக்கு அன்றைக்கே மனசு ஒப்பவில்லை.

“இருக்கிறதே ரெண்டு பேர். இதுக்குள்ள என்னங்க பாகப்பிரிவினை?”

அந்த இரண்டாம் பாகத்தில்தான் ரிப்போர்ட், டாக்டரின் கடிதம், மாத்திரை அட்டவணை எல்லாம் குடியேறின. அட்டவணையைப் படித்து, நேரத்துக்கு மணியடித்து, திரையில் ஒரு வரி காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றும் வைத்தார். மாத்திரை என்று எழுதவில்லை. “பிழை திருத்தம் - ஒன்று. சாப்பிட்ட பின்.” அவள் பார்த்தாலும் அச்சக வேலை என்று நினைத்துக்கொள்வாளாம். சாப்பிட்ட பின் எந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

தொல்லை என்னவென்றால், பாகம் திறந்திருந்தால்தான் மணி அடிக்கும். வலி வந்த நாளில் திறக்க மறந்தார். மூன்று நாள் மாத்திரை தவறி, அச்சகத்தில் காகிதக் கட்டின் மேல் மயங்கிச் சாய்ந்தார். வெயில் என்று சொல்லி வீடு வந்தார். அன்று வானம் மூட்டமாக இருந்தது.

அடுத்த நாள் மேசையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாளாம்.

“தினம் தினம் பாஸ்வேர்ட் அடிச்சு எதுக்குங்க கையைக் கெடுத்துக்கறீங்க? தானாத் திறக்கிற மாதிரி வைக்கலாமாமே. மக சொன்னா.”

பாவம், கள்ளமில்லாதவள் என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உடனே உட்கார்ந்தார். டிஸ்க் அமைப்பில் போய், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே இரண்டாம் பாகமும் சேர்ந்து திறக்கும்படி வைத்தார். அது திரையில் எங்கும் தெரியாதபடி இன்னொரு கட்டத்தில் இருந்த டிக்கையும் எடுத்தார். கதவைத் திறந்துவைத்துவிட்டு, கதவே இல்லாத மாதிரி சுவருக்கு வெள்ளை அடித்த திருப்தி. அன்று இரண்டு வாய் கூடவே சாப்பிட்டார்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, மணி அடித்தது. திரையில் அவர் எழுதாத வரி.

“பெரிய பிழை திருத்தம். திங்கள் காலை ஆறு மணி. டாக்டரிடம் சொல்லியாச்சு. வெரும் வயிற்றோடு வரவும்.”

அவர் நாற்காலியோடு நாற்காலியாக ஆகிவிட்டார். திரும்பினால் அவள் நிற்கிறாள்.

“எப்படிப் பார்த்தே? கண்ணுலயே படாதே அது.”

“கண்ணுல படலை. தேடுற பெட்டியில வயிறுன்னு அடிச்சேன், அத்தனையும் வந்து நின்னுது. அது திறந்திருந்தாத்தான் தேட முடியும்னு மக சொன்னா. அதான் உங்களையே திறக்க வச்சேன். அட்டவணையில நானும் ஒரு வரி சேர்த்தேன்.”

“உனக்கு எப்படிச் சந்தேகம்?”

“பெல்ட்டுல மூணு ஓட்டை புதுசு. ஆணியால நீங்களே போட்டது. ஒண்ணுகூட நேரா இல்லை.”

குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே வராமல் முந்தின நாளே அழுது முடித்திருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியை மறுபடி படித்தார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

“வெறும்... பெரிய ற போடணும்.”

“அதை நீங்க திருத்துங்க. வயித்தை டாக்டர் திருத்துவார்.”

ஆறு மணி நேரம் ஆனது. கட்டியை எடுத்துவிட்டார்கள். முழுசும் போயிற்றா என்பது அடுத்த வாரம்தான் தெரியும். நீங்கள் கடவுளிடம் பேசும்போது, அந்த மனிதருக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.