இரண்டு கிலோ கருணை

என் மனைவியை இளைக்க வைப்பது என்று முடிவெடுத்தேன். அவளைக் கேட்கவில்லை. பெரிய முடிவுகளை யாரும் கேட்டுக்கொண்டா எடுக்கிறார்கள்?

காரணம் டாக்டரம்மா. என் மனைவிக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி, மாதவிலக்கு தாறுமாறு, இடுப்பைச் சுற்றிச் சதை.

"இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்கல. அதனால இன்னும் இன்னும் சுரக்குது. அது சினைப்பையையும் கெடுக்குது, சதையையும் ஏத்துது. சதை ஏற ஏற உடம்பு இன்னும் கேக்காது" என்றார்.

மூன்று மாதத்தில் நாலு கிலோவாவது குறையாவிட்டால் மாத்திரையைக் கூட்டுவாராம். இருக்கிற மாத்திரைக்கே அவளுக்குக் குமட்டல்.

வெளியே வந்து, "புரிஞ்சுதா?" என்றேன்.

"நல்லாவே. குப்பையக் கொட்டுங்கன்னு பத்து தடவ கத்துவேன், நீங்க அசைய மாட்டீங்களே. அதேதான்."

முள் வைத்த எடை மிஷின் ஒன்று வாங்கினேன். இரண்டு வாரம் முள் நகரவில்லை. அவள் முகம் வாடியது. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தன் தையல் கடைக்குப் போனதும் அடியிலிருந்த திருகைத் திருகி, இரண்டு கிலோ குறைத்து வைத்தேன். உற்சாகம் வந்தால் உடம்பு தானே இளைக்கும் என்பது என் சித்தாந்தம்.

பலித்தது. கடைக்கு நடந்தே போனாள். இனிப்பைத் தொடவில்லை.

ஒருநாள் நானும் ஏறி நின்றேன். இரண்டு கிலோ குறைவு! திருகியவன் நானே என்று மூளைக்குத் தெரியும். வயிற்றுக்கு யார் சொல்வது? அவள் ஒதுக்கிய கேக்கையெல்லாம் நானே தீர்த்தேன். பேண்ட்கூட இறுக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. "துணைக்கு நீங்களும் வெறும் வயித்தோட வாங்களேன்" என்றாள். தியாகம் செய்தேன்.

கிளினிக் மிஷினில் அவள் ஏறியபோது எனக்கு வியர்த்தது.

"அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. மாத்திரையக் கூட்ட வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

"வீட்டுல ஏழு காட்டிச்சே" என்று உளறினேன்.

"நீங்க திருகின ரெண்டக் கழிச்சுக்குங்க" என்றாள் மனைவி.

"தெரியுமா?"

"தையக்காரிக்கு எதுக்குங்க எடை மிஷின்? வாராவாரம் டேப்ப வச்சு இடுப்ப அளந்துட்டுதான் இருந்தேன். முள்ளு ஒரே நாள்ல ரெண்டு கிலோ இறங்கினப்ப இடுப்பு அப்படியேதான் இருந்துச்சு."

"சொல்லவே இல்லையே?"

"உங்க பேண்ட்ட மூணு தடவ பிரிச்சு விட்டேன். அதையும்தான் சொல்லல."

"ஏன்?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு இங்க வந்திருப்பீங்களா?"

அவளே என் சட்டைக் கையை மடித்துவிட்டாள். நர்ஸ் ஊசியோடு குனிந்தார்.

"சுகர் டெஸ்ட்டுக்கு நீங்கதானே, சார்? காலையில எதுவும் சாப்பிடலல்ல?"