ஒட்டுக்கேட்பானும் ஒழுகாத மூலையும்

ஒரு காட்டில், நானூற்றுப் பன்னிரண்டாவது தடவையாக, ஓணான் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கியது. திரையின் ஓரத்தில் ஒரு வரி முளைத்தது: 'நகல் எடுக்கப்பட்டது.' ஓணான் தலையை ஆட்டியது. மகிழ்ச்சியில் ஆட்டியது என்று சொல்ல முடியாது. ஓணான்கள் எதற்கும் ஆட்டும்.

"இன்னும் முடியலையா தம்பி?" என்றது மரங்கொத்தி. காட்டு மனுப் பிரிவின் தட்டச்சர் அது.

"முடிஞ்சிருச்சுக்கா. சும்மா சோதிச்சுப் பாக்கறேன்."

"எதை வச்சு?"

"அந்த மொட்டைக் கடுதாசியை வச்சுத்தான்."

கடுதாசியில் இரண்டே வரி. 'மனுப் பிரிவின் கூரை ஒழுகுகிறது. ஒழுகாத ஒரே மூலையில் கரடியார் உட்கார்ந்திருக்கிறார்.' கீழே பெயர் இல்லை. அது சிங்கத்தின் அலுவலகத்துக்குப் போயிருந்தது. அங்கே வழக்கப்படி மூலத்தைக் கோப்பில் கட்டி வைத்துவிட்டு, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திய தட்டச்சுப் பிரதி ஒன்றைக் கரடிக்கே அனுப்பி விளக்கம் கேட்டார்கள்.

கண்காணிப்பாளர் கரடி அதை மூன்று முறை படித்தது. மூன்று முறையும் அந்த மூலையில் உட்கார்ந்துதான் படித்தது. பிறகு ஓணானைக் கூப்பிட்டது.

"ஏம்ப்பா, இந்த ஆபீசுல இருக்கறது ஒரே கம்ப்யூட்டர். எல்லாரும் அதுலதான் தட்டுறாங்க. இதைத் தட்டினவன் மறுபடியும் தட்டாம இருக்க மாட்டான், எவன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"வெள்ளிக்கிழமை சிங்கம் ஐயா ஆய்வுக்கு வர்றார். அதுக்குள்ள ஆளைப் பிடிச்சுக் குடு, உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்றேன். இல்லேன்னா அன்னைக்கே உனக்குக் கடைசி நாள். சம்மதமா?"

அதற்கும் ஆட்டியது.

ஓணான் ஆறு வருடமாகத் தற்காலிகம். அதற்கு முன் வேலியில் இருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று காட்டில் ஒரு பேச்சு உண்டு. மடியில் விடப்பட்ட ஓணானின் தரப்பை யாரும் கேட்டதில்லை. திரும்ப வேலிக்குப் போவதில் அதற்கு விருப்பமில்லை.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதியது. திரையில் மனு ஜன்னலோ விடுப்பு ஜன்னலோ, யார் எதில் எந்தக் கட்டையைத் தட்டினாலும், எதை நகலெடுத்தாலும், பின்னால் ஒளிந்திருந்து கேட்டு, ஆள் பெயரோடு குறித்துவைக்கும் நிரல். முதல் நாள், நகலெடுத்தது தங்கும் கிளிப்போர்டில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று இமைப்பொழுதுக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும்படி எழுதியது. கம்ப்யூட்டர் கொதித்தது. மறுநாள், 'வந்தால் நீயே சொல்' என்று பொறுப்பைக் கம்ப்யூட்டரிடமே விட்டது. அது ஒழுங்காகச் சொன்னது. ஓணானுக்குத் தன்மேல் மரியாதை வந்தது. கடுதாசியின் இரண்டு வரியையும் தட்டும், நகலெடுக்கும், குறிப்பில் விழுந்ததா என்று பார்க்கும். விழுந்திருக்கும். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை.

இப்போது வெள்ளிக்கிழமை காலை.

"நேத்து நீ எழுந்த நேரமெல்லாம் முயலுங்க மனு பதினேழு அடிச்சேன்," என்றது மரங்கொத்தி. "அதெல்லாம் உன் குறிப்புல வந்திருக்கா?"

ஓணான் குறிப்பை மேலே தள்ளியது. கீழே தள்ளியது. ஒரு முயல்கூட இல்லை.

தன் ஜன்னல் முன்னால் நிற்கும்போது மட்டும்தான் அந்த நிரலுக்குக் காது இருந்தது. வேறு ஜன்னல் முன்னால் வந்ததும் செவிடு. நான்கு நாளும் ஓணான் தன் ஜன்னலை முன்னால் வைத்துக்கொண்டே சோதித்திருந்தது.

"அப்ப யார் பேருதான் விழுந்திருக்கு?"

"என் பேருக்கா."

"எத்தனை தடவை?"

"நானூத்திப் பன்னெண்டு."

மரங்கொத்தி அலகால் திரையைத் தட்டியது. "அழிச்சிரு தம்பி."

"முடியாதுக்கா. யாரும் அழிக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன். அந்த இடம் மட்டும் நல்லா வேலை செய்யுது."

வெளியே மழை பிடித்தது. சிங்கம் வந்தது. அதற்கு நடு அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். கரடி தன் மூலையிலிருந்தே வணக்கம் சொன்னது.

"ஆளைப் பிடிச்சாச்சு ஐயா. எல்லாம் நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கு. பிடிச்சாச்சான்னு காலையில கேட்டேன், ஓணான் தலையை ஆட்டுச்சு. நான்கூட இன்னும் பாக்கலை. ஐயா முன்னாலதான் திறக்கணும்னு வச்சிருந்தேன்."

திறந்தார்கள். 'ஓணான்' என்றது முதல் வரி. இரண்டாவது வரியும் அதையே சொன்னது. கரடி திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தது.

"மடியிலயே இருந்திருக்கு பாருங்க ஐயா!"

சிங்கம் திரும்பியது. "நீயா எழுதினது?"

இல்லை என்று சொல்லத்தான் ஓணான் வாயைத் திறந்தது. ஜன்னலைப் பற்றியும் செவிட்டுக் காதைப் பற்றியும் சொல்ல மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. அதற்குள் தலை மேலும் கீழும் போய் வந்துவிட்டது.

"நானூத்திப் பன்னெண்டு தடவையா?"

தலை மறுபடி போய் வந்தது. வேலி, குழி தோண்டி முட்டையிட்டுப் போன அம்மா, மாற்றவே முடியாத வம்சம், எல்லாம் ஒரு கணம் அதன் கண்முன் நின்றன.

"நூறு நினைவூட்டு வந்தாத்தான் ஒரு மனுவை எடுத்துப் பாக்கணும்னு நம்ம விதி," என்றது சிங்கம். "நான் பதவிக்கு வந்ததிலிருந்து யாரும் பதினொண்ணைத் தாண்டினதில்லை."

அதன் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று காதில் விழுந்தது. சிங்கம் கூரையைப் பார்த்தது. பிறகு, உலர்ந்து உட்கார்ந்திருந்த கரடியைப் பார்த்தது.

சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. கரடிக்குச் சதுப்பு நிலப் பிரிவுக்கு மாற்றல். ஓணான் நிரந்தரம், பிரிவின் பொறுப்பும் அதற்கே. அந்த நிரலை எல்லாப் பிரிவுகளிலும் நிறுவ வேண்டும். கூரையைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒழுகுகிறது என்று மனுவில் தெரிவித்துத்தான் இருந்தார்கள், சரிசெய்யும்படி கேட்கவில்லை.

"நான் எழுதலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றது மரங்கொத்தி.

"சொல்றதுக்குள்ள தலை ஆடிருச்சுக்கா."

"நல்ல தலை."

"எழுதினது யாருன்னு தெரிஞ்சா ஒரு நன்றியாவது சொல்லலாம். எந்த ஜன்னல்ல தட்டினாங்களோ."

மரங்கொத்தி முயல் மனுவில் அடுத்த வரியைத் தட்டத் தொடங்கியது.

திங்கட்கிழமை கோப்பை முடித்து, மூலக் கடுதாசியைத் திருப்பி அனுப்பினார்கள். அது ஒரு மரப்பட்டை. கூரிய அலகால் கொத்திய பொடிப்பொடித் துளைகளால் அதில் இரண்டு வரி. ஓணான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டது. மழை மறுபடி தொடங்கியிருந்தது. தன் மேசையை ஒழுகாத மூலைக்கு இழுத்துப் போட்டது. மேசையின் ஒரு கால் தரையில் படாமல் ஆடியது. ஓணான் பட்டையை இரண்டாக ஒடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகியது.

நீதி: ஒட்டுக்கேட்கிறவனுக்குச் செவிட்டு நிரலும் ஆடுகிற தலையும் இருந்தால் போதும், உலர்ந்த மூலை தானே கிடைக்கும்.