சாக்பீஸார் நடைபாதை பிரித்த படலம்

வாழி சாக்பீஸார்! நெய்த துணியின் நெடும்பரப்பில் ஓர் இழை நெறி பிறழ்ந்தாலும் பத்தடித் தொலைவிலேயே கண்டுகொண்ட பழுதறி பெருவிழியோனே! முப்பத்தெட்டு ஆண்டுகள் துணிச் சோதனை மேசையின் முன் அசையாது நின்ற இரும்பு முழங்காலோனே! வெண்சுண்ணக் கட்டி ஒன்றையே வாளாகவும் வேலாகவும் ஏந்தி முந்நூறு தறிகளை அடிபணிய வைத்த அண்ணலே! நின் புகழ் பாடப் புகுந்தோம், நாக்குழறாமல் நீயே காக்க. உலகைப் புரட்டிப் போட்ட போர்களைப் பாடப் பலர் உண்டு. ஒரு நடைபாதையைப் புரட்டிப் போட்ட போரைப் பாட எம்மை விட்டால் ஆளில்லை.

கேளீர். ஆறு ஒன்று சோம்பல் முறித்ததுபோல் வளைந்து செல்லும் இடத்தில், அதன் கரையில், துணி ஆலை ஒன்று இருந்தது. சங்கு ஊதி நின்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. நூல் நூற்ற கூடம் அடுக்குமாடி வீடுகளாயிற்று. சாயம் தோய்த்த கூடம் உடற்பயிற்சிக் கூடமாயிற்று. புகைபோக்கி மட்டும், அதை என்ன செய்வதென்று எவருக்கும் தெரியாததால், நின்றுகொண்டே இருக்கிறது. ஆயினும் பின்னாலிருக்கும் ஆலைக் குடியிருப்பின் நான்கு வரிசை வீடுகளில் ஆலையின் சட்டங்கள் சாகவில்லை. அவற்றுள் தலையாயது சாக்பீஸ் சட்டம். துணியில் நம் நாயகர் சுண்ணத்தால் ஒரு வட்டம் போட்டுவிட்டால் தறி நின்றாக வேண்டும். பழுது தீர்ந்து அவரே தம் கையால் வட்டத்தை அழிக்கும்வரை துணி ஒரு விரற்கடையும் நகரலாகாது. ஆலை மூடியபின் துணி இல்லாமற் போயிற்றே தவிர வட்டம் நிற்கவில்லை. ஒழுகும் குழாயில் வட்டம் விழுந்தது, கோணிய கதவில் வட்டம் விழுந்தது, ஒருமுறை தவறாக நிறுத்தியிருந்த வண்டியின் முதுகிலும் விழுந்தது. விழுந்த இடத்திலெல்லாம் குடியிருப்பு மக்கள் கைகட்டி நின்றார்கள். பழக்கம் அப்படி.

இத்தகைய நன்னாட்டின் தலைக்கு மேலே, வானளாவிய தூண்களில், மெட்ரோ ரயில் வந்தது. ஆலை வாயிலிலிருந்து ஏறத்தாழ இருநூறு அடியில் நிலையம். அந்த இருநூறு அடியும் இரண்டு ஆண்டுகளாகச் சேறு. செருப்பு விழுங்கிய சேறு, சக்கரம் விழுங்கிய சேறு, புகார் மனு எழுதிக் கொண்டுபோனவரையே இடுப்புவரை விழுங்கப் பார்த்த சேறு. அதன்மேல் அண்மையில், கல் பதிக்கும் மேஸ்திரி ஒருவர் மணல் பரப்பி, நூல் பிடித்து, வரிக்குப் பன்னிரண்டாகப் பேவர் பிளாக் கற்களை அடுக்கினார். மூன்று வரி சாம்பல், ஒரு வரி சிவப்பு, மீண்டும் மூன்று வரி சாம்பல், ஒரு வரி சிவப்பு. இப்போருக்கு முதல் நாள் மாலை கடைசி வரியும் முடிந்தது. மறுநாள் காலை கல் அமுக்கும் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிவிட்டு ஒன்பது மணிக்கு, பாதையை மறித்துக் கட்டிய கயிற்றை அவிழ்ப்பதாக அறிவிப்பு.

அந்த ஒன்பது மணிக்காகக் காத்திருந்தவர் நாயகரின் இல்லத்தரசியார். ஆலையின் நூற்புப் பிரிவில், பம்பரமாய்ச் சுழன்று நூல் முறுக்கும் கதிர்களுக்கிடையே அறுந்த இழையை விரல் நுனியால் ஒட்டிய வேகக்கையார். அவருடைய ஒரே தங்கை ஆற்றின் அக்கரையில் இருந்தார். பேருந்தில் சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம், ரயிலில் மூன்றே நிலையம், எட்டே நிமிடம். ஆனால் தங்கை அன்று பகல் பதினொன்றரைக்கு வீட்டைக் காலி செய்து மகனோடு தொலைதூர ஊருக்குக் குடிபோகிறார். இனிப் பார்ப்பது எப்போது என்று சொல்ல முடியாது. ரயில் அட்டை வாங்கி மூன்று மாதம் பத்திரப்படுத்திய அம்மையாருக்கு ஒரே ஓர் அச்சம் இருந்தது.

"ஏங்க, அந்த நகர்ற படிக்கட்டுல எனக்குக் கால் வராது. நீங்க கையப் பிடிச்சுக்கணும்."

"பிடிச்சுக்கறேன்" என்று முழங்கினார் நாயகர். "ஒன்பதே காலுக்கு ரயில்ல இருக்கோம். இது என் வாக்கு!"

வாக்கு அளித்த வேந்தர், மறுநாள் காலை எட்டரை மணிக்கே, சலவைச் சட்டை தரித்து, சட்டைப் பையில் பூதக்கண்ணாடியும் சுண்ணக் கட்டியும் துலங்க, அம்மையார் பின்தொடரப் புறப்பட்டார். மேஸ்திரி இயந்திரத்தை எடுத்துவரப் போயிருந்தார். கயிற்றின் அருகே குடியிருப்பே திரண்டிருந்தது. கயிற்றைச் சற்றே தூக்கி உள்ளே நுழைந்த நாயகர், கல்வரிகளைக் கண்டார். நீளவாட்டில் ஒரு பார்வை, குறுக்குவாட்டில் ஒரு பார்வை. கல்லாகவா அவருக்குத் தெரிந்தது? இருபது ஆண்டுகளாகத் துணி காணாத கண்களுக்கு முன்னே, சாம்பல் உடலும் சிவப்புக் கோடுமாக, நெய்து விரித்த புதுத் துணி கிடந்தது. நெஞ்சு நெகிழ்ந்து நடந்தார். நிலையத்தின் படிகளுக்குச் சில தப்படிகளே இருக்கையில் அவருடைய கால் நின்றது.

சிவப்பு வரியில், இடமிருந்து ஏழாவதாக, ஒரு சாம்பல் கல்!

அந்தோ! ஏனைய பதினொரு சிவப்புக் கற்களுக்கிடையே ஒன்றுமறியாததுபோல் அமர்ந்திருந்த அக்கல்லைக் கண்டதும் அண்ணலின் மீசை துடித்தது, மூக்கு விடைத்தது, வலக்கை தன்னிச்சையாய்ச் சட்டைப் பைக்குள் சென்றது. குனிந்தார். வட்டமிட்டார். நிமிர்ந்தார்.

"பழுது!"

அவ்வளவுதான். வேலைக்குப் போக வேண்டியோர், மருத்துவமனைக்குப் போக வேண்டியோர், சும்மா ரயிலைப் பார்க்க வந்தோர், ஆலைக் குடியிருப்பினர் அனைவரும் அணைகண்ட வெள்ளமென நின்றார்கள். அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்த ஒருவர் மட்டும், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி, வட்டத்தின் நட்டநடுவே மிதித்துப் போனார். நாற்பது பேர் "ஐயோ" என்றார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் அறிய வேண்டும். நெய்த துணியில் குறுக்கே ஓடும் இழை தவறாக விழுந்தால் அதை மட்டும் நடுவிலிருந்து உருவி எடுக்க முடியாது. கடைசியாக நெய்த இழையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே பழுதுவரை பின்வாங்கி, பழுதைக் களைந்து, மீண்டும் நெய்துகொண்டு வர வேண்டும். தறிக்காரருக்கு இது தாய்ப்பால். ஆகவே நாயகர், நிலையத்தின் பக்கம் ஓரக்கல் இன்னும் வைக்காத முனையைச் சுட்டிக்காட்டி, படை நடுங்க ஆணையிட்டார்: "கடைசி வரியிலேர்ந்து பிரிங்க!"

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நெசவுப் பிரிவின் மூத்த வீரர் ஐவர் வேட்டியை மடித்துக் கட்டினர். இருபத்தாறு வரி, முந்நூற்றுப் பன்னிரண்டு கல். பேர்த்தார்கள், தூக்கினார்கள், சுமந்தார்கள், அடுக்கினார்கள். மணல் பறந்தது. முதுகுகள் முறுகின. நடுவே வீரர் ஒருவர் தம் காலிலேயே கல்லைப் போட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் ஆடிய ஆட்டத்தைப் பாடத் தனி நூல் வேண்டும். ஒன்பது அடித்தது. ஒன்பதரை அடித்தது. தலைக்கு மேலே ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

ஓரமாய்க் குவிந்த கல்மேல் அமர்ந்திருந்தார் அம்மையார். மடியில் தங்கைக்குக் கொண்டுபோகும் பை. முதலில் சிரித்தார், பிறகு கடிகாரம் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டார். ஒன்பதே முக்காலுக்கு எழுந்து நின்று திருவாய் மலர்ந்தார்.

"எங்க பக்கம் இழை அறுந்தா மெஷின நிறுத்த மாட்டோம். ஓடறப்பவே ஒட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்போம். உங்களுக்குத்தான் ஊரையே நிறுத்திட்டுப் பாக்கணும். அவ போனதுக்கப்புறம் அந்தப் பூட்டின வீட்டப் போய்ப் பாக்கறேன், சரிதானே?"

நாயகரின் கையிலிருந்த கல் நழுவிற்று. முப்பத்தெட்டு ஆண்டுகளில் மேலாளர்கள் திட்டியிருக்கிறார்கள், தறிக்காரர்கள் சபித்திருக்கிறார்கள், எதுவும் அவரைத் தொட்டதில்லை. இது தொட்டது. ஆனால் தரையில் குழி, வட்டத்துக்குள் பழுது, இரண்டு பக்கமும் சேறு. என்ன செய்வார்? "இன்னும் ஒரே வரிதான்" என்றார் ஈனக்குரலில்.

அவ்வேளை, வழியில் நின்றுபோய்த் தாமதமான சிறிய சுமை வண்டியில் இயந்திரத்தோடு வந்திறங்கினார் மேஸ்திரி. தாம் முதல் நாள் பதித்த பாதையின் வால்பகுதி காணாமற்போய், அது மலையாய்க் குவிந்து, அதன்மேல் ஓர் அம்மாள் நிற்பதைக் கண்டார்.

"ஐயா, என்னய்யா பண்ணியிருக்கீங்க?"

"சிவப்பு வரியில சாம்பல் கல்லு. பாருங்க."

மேஸ்திரி பார்த்தார். "ஆமா, என் தப்புதான். அதுக்கு எதுக்குய்யா இத்தனையும் பேத்தீங்க? ரெண்டு ஸ்க்ரூடிரைவர ரெண்டு பக்கமும் விட்டு நெம்பினா அந்த ஒரு கல்லு மட்டும் கையோட வந்திருக்குமே. அரை நிமிஷ வேலை."

"நடுவுல இருக்கறத எப்படிப்பா தனியா எடுக்கறது? கடைசிலேர்ந்து பிரிச்சுத்தானே வரணும்?"

"ஐயா, இது துணி இல்ல. கல்லு."

ஆறு வீரர்களும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். ஆறு பேருக்கும் சேர்த்து இருநூறு ஆண்டு அனுபவம். ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. நாயகர் குனிந்து, அந்தச் சாம்பல் கல்லை எடுத்துவிட்டு, மேஸ்திரியின் வண்டியில் மீந்திருந்த சிவப்புக் கற்களில் ஒன்றை வைத்து, கைக்குட்டையால் சுண்ண வட்டத்தைத் துடைத்தார். விரல்களிலெல்லாம் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்த அம்மையாருக்குக் கோபம் போய்விட்டது. போய்விட்டதே என்று இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது. பையை ஓரம் வைத்துவிட்டு, "தள்ளுங்க" என்று வரிசையில் புகுந்தார்.

பின் நடந்ததே பெரும்போர்! கை மாறிக் கை மாறிக் கற்கள் பாய்ந்தன. மேஸ்திரி வலப்பாதியும் நாயகர் இடப்பாதியுமாய் மண்டியிட்டு அடுக்கிக்கொண்டே முன்னேற, நூற்புக்கூடத்து வேகம் இருபது ஆண்டு உறக்கம் கலைந்து அம்மையாரின் கைகளில் எழுந்து நின்றது. எட்டு வரி, பதினாறு வரி, இருபது வரி. இருபத்திரண்டாம் வரியில் தொலைபேசி அடித்தது. அக்கரைத் தங்கை. "வந்துடறேன்டி, வந்துடறேன். லாரிய நிறுத்தி வெய்யி" என்ற அம்மையாரின் குரல் உடைந்தது. நாயகர் தலை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். வேலையில் இருக்கும்போது அவருடைய கண் துணியை விட்டு விலகியது வாழ்நாளில் அதுவே முதல் முறை. பாராத அவருடைய கை, சாம்பல் வரியில், ஒரு சிவப்புக் கல்லை வைத்துத் தட்டியது. அவர் அறியார். மேஸ்திரி அறியார். எதிரே நின்ற அம்மையார் கண்டார்.

பத்தே முக்காலுக்குக் கடைசிக் கல் அமர்ந்தது. இயந்திரம் இடியென உறுமி ஒருமுறை போய் வந்தது. கயிறு அவிழ்ந்தது. ஆர்ப்பரித்துப் புறப்பட்ட கூட்டத்தின் முன்னணியில், புழுதி படிந்த சலவைச் சட்டையோடு நாயகர், வழக்கம்போல் கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். அந்த வரி நெருங்கிற்று. அம்மையார் இரண்டெட்டு முந்திப் போய் அதன்மேல் குந்தினார். சேலைக் கொசுவம் கல்லை மூடியது.

"என்ன ஆச்சு?"

"செருப்பு வார் கழண்டுடுச்சு. நீங்க முன்னாடி போங்க, மேல பாத்து நடங்க, ரயில் வருதான்னு பாருங்க."

அவர் மேலே பார்த்து நடந்தார். கழலாத வாரை ஒருமுறை தடவிவிட்டு அம்மையார் எழுந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டார். நகரும் படிக்கட்டின் வாயில், கொந்தளிக்கும் இரும்பருவியின் முன், தோலுரிந்த கை நீண்டது. வேகக்கை அதைப் பற்றியது. இருவரும் ஏறினர், எழுந்தனர், விண்ணேகினர்! மேலே நடைமேடையை அடைந்த அக்கணத்திலே, ஆ, விதியே, கொடியை! வெள்ளிமேனி மின்ன, கதவுகள் கண்ணெதிரே மூட, இரக்கமற்ற அவ்விரும்புப்பாம்பு இவ்விருவரையும் விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போயிற்றே! எத்தனை கல், எத்தனை வியர்வை, எத்தனை பெரிய வாக்கு!

ஆறு நிமிடத்தில் அடுத்த ரயில் வந்தது, உட்கார இடமும் இருந்தது.