கூரை அலுவலகத்துக்கு வைஃபை வந்த வரலாறு

கண்டி நகரின் கூரை நிவாரண அலுவலகம் இனிமேல் காகித விண்ணப்பம் எதனையும் ஏற்காது, சகலமும் இணையவழியே மேற்கொள்ளப்படும் என மேலிடம் அறிவித்தது. இப்போது எல்லா அலுவலகங்களிலும் இதுதானே நாகரிகம். வாசலில் பெரிய பதாகை ஒன்றும் கட்டப்பட்டது. அலுவலகத்தில் இருந்த ஒரே லெப்டொப்புக்கு வைஃபை பிடிக்காது என்ற விபரம் மட்டும் பதாகையில் இடம்பெறவில்லை.

அந்த லெப்டொப் உத்தியோகத்தர் றுமைஸாவின் மேசையில் இருந்தது. நல்ல லெப்டொப்தான், குறை சொல்லக்கூடாது. வயது போய்விட்டது, அவ்வளவே. கேபிள் செருகும் துவாரமும் உடைந்து கிடந்தது. மேசைக்கு முன்னால் ஹுன்னஸ்கிரிய தோட்டத்து வீரய்யா உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

"மழ வந்தா நாலு பேரும் நாலு மூலையில பொலித்தீன புடிச்சிக்கிட்டு நிக்கிறோம் மிஸ்," என்றார்.

றுமைஸாவுக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய், யூஎஸ்பியில் செருகினால் வைஃபை தருகிற நகத்தளவு சாமான் ஒன்றை வாங்கி வந்தாள். செருகப் போனவளைக் களஞ்சியப் பொறுப்பாளர் இராமநாதன் கையுயர்த்தித் தடுத்தார்.

"பிள்ளை, பொறுங்கோ. இதின்ர இலக்கம் எங்க?"

"இப்பதான் வாங்கிட்டு வந்தேன் சேர்."

"அரச கணினிக்குள்ள இலக்கமில்லாத சாமான் போகேலாது."

"அப்ப என்ட ஃபோன்ல இருந்து அனுப்பட்டா?"

"அரசாங்கத் தகவல் உங்கட ஃபோனுக்குள்ளால போறதோ? வழியில ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

இராமநாதன் கெட்ட மனிதரல்ல. விதிகளை மதிப்பவர், அதுதான் வில்லங்கம். விதிப்படி, அலுவலகச் சாமான் ஒவ்வொன்றிலும் அலுவலகத்தின் பெயர் மூன்று மொழிகளிலும், கீழே இலக்கமும் வெள்ளைப் பெயின்றால் எழுதப்படல் வேண்டும். தூரிகையோடு வந்த சிற்றூழியர் அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்துக்குத்தான் இடமுண்டு என்றார். எந்த மொழியின் எழுத்து என்று கேட்க அங்கே ஒருவருக்கும் துணிவில்லை.

"அப்ப இதை ஒரு பெரிய சாமானில பொருத்தி, அதில எழுதுவம்," என்று இராமநாதன் தீர்ப்பளித்தார்.

களஞ்சியத்தில் அதற்குத் தோதாக இருந்தது மாதிரிக் கூரைத் தகரம் ஒன்றுதான். மூன்று மொழிகளும் அதில் தாராளமாகக் குடியேறின. சாமான் தகரத்தின் ஓரத்தில் கட்டப்பட்டது. தகரம் மேசையில் கொள்ளாதபடியால், நீண்ட வயர் ஒன்றால் லெப்டொப்போடு தொடுக்கப்பட்டது. வயரில்லா இணைப்புக்கு வயர் பூட்டப்பட்டதை எல்லோரும் திருப்தியோடு பார்த்தார்கள்.

"ஐயா, இந்தத் தகரத்த மட்டும் குடுத்தீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிருவேன்," என்றார் வீரய்யா.

"அது ஏலாது. இப்ப அது வைஃபை," என்றார் இராமநாதன்.

ஆனால் சிக்னல் வரவில்லை. சுவரில் சாய்த்தாலும் வரவில்லை, கதிரையில் நிறுத்தினாலும் வரவில்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் மட்டும் வந்தது. தகரம் தூக்குவது எந்த உத்தியோகத்தரின் கடமைகளிலும் அடங்காது. ஆகவே வீரய்யா தூக்கினார்.

"கொஞ்ச நேரம் அப்பிடியே புடிச்சிக்கோங்க," என்று கெஞ்சியபடி றுமைஸா மளமளவென்று விபரங்களை நிரப்பினாள். கடைசியில் திரை விண்ணப்பதாரரின் படத்தைக் கேட்டது. தகரத்தை இறக்கினால் சிக்னல் போய்விடும். லெப்டொப்பை அப்படியே அவர் பக்கம் திருப்பினாள். வீரய்யா சிரித்தார். படம் போனது.

மூச்சு விடுவதற்குள் பதில் வந்துவிட்டது!

"முந்தி இதுக்கு ஆறு மாசம் எல்லோ!" என்று இராமநாதன் எழும்பி நின்று கைதட்டினார். சிற்றூழியர் தட்டினார். வரிசையில் நின்ற கூரையில்லாதவர்கள் எல்லோரும் தட்டினார்கள். வீரய்யாவும் தகரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

றுமைஸா மட்டும் திரையை வாசித்தாள்.

"விண்ணப்பதாரரின் தலைக்கு மேல் கூரை இருப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

அவள் அதை உரக்கத்தான் வாசித்தாள். கைதட்டலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர், யாரும் சொல்லாமலே, தலையை வாரிக்கொண்டு வந்து தகரத்தைத் தூக்கிப் பிடித்தார்.