நெருக்க மரையும் பரக்கத்து இழுப்பும்

ஸ்ஃபாக்ஸ், செவ்வாய்

மதிப்பிற்குரிய முன்ஸிஃப் மச்சானுக்கு, உங்கள் தங்கை மப்ரூக்காவின் கணவன், எஞ்சின் மெக்கானிக் கமைஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் பிள்ளைகளும், ஓடிப்போன அந்தக் கிடாவும் சுகமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, காப்பிக்கடையில் எல்லா டிரைவர்கள் முன்னாலும் கேட்காவிட்டால் தங்கையை அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியனுப்பினீர்களாமே! கஃப்சா போகிற வழியில், உங்கள் வாடகை வண்டியின் எஞ்சின் தலையை இறுக்கிப் பிடிக்க நான் போட்ட ஹெட் ஸ்டட் முறிந்து, கேஸ்கட் ஊதி, எட்டுப் பயணிகளும் வெயிலில் இறங்கி நின்று, ஒருவர் மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோன கிடா ஆலிவ் தோப்புக்குள் ஓடி, அதைத் துரத்திய நீங்கள் ஒற்றைச் செருப்போடு திரும்பியதற்கெல்லாம் நானா பொறுப்பு? "கமைஸுக்குக் கை போச்சுய்யா! இனிமே கழுதை வண்டிக்கு ஆணி அடிக்கட்டும்!" என்றீர்களாம். இருபத்தாறு வருஷக் கை மச்சான் இது!

உங்கள் பழைய போல்ட்டில் மரை, அதாவது திருகுப் புரி, அகலம். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லி இறங்கும். நான் போட்ட புது ஸ்டட்டில் நட் ஏறும் முனையில் நெருக்க மரை, ஒன்றேகால்தான். சரிவு குறைந்த பாதையில் மூட்டை தள்ளுவது சுலபமில்லையா? அதுபோல அதே கை பலத்துக்குப் பிடி கொஞ்சம் கூடும். மரையில் எண்ணெய் வேறு தடவியிருந்தேன், அதனால் இன்னும் கூடும். இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் முடுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ஸ்பானரைக் குறைத்து வைத்தேன். அதற்கு மேல் இழுத்தால் ஸ்டட் நீண்டு முறியும். ஆனால் நம் ஊர் டிரைவர்களுக்கு மெக்கானிக் முடுக்கியது போதாதே! ஸ்பானரில் குழாயை மாட்டி, "பிஸ்மில்லாஹ், பரக்கத்துக்கு ஒண்ணு" என்று இறையருளை வேண்டி ஒவ்வொரு நட்டையும் ஓர் இழுப்பு இழுத்தால்தானே உங்களுக்குத் தூக்கம் வரும்!

"அண்ணன் ஸ்பானரைத் தொடவே இல்லைன்னு சத்தியம் பண்ணுது. வண்டிதான் பட்டறையில வந்து நிக்குதே, எழுதுறதை விட்டுட்டுப் போய்ப் பாருங்க" என்கிறாள் மப்ரூக்கா. பார்க்கத்தான் போகிறேன். முடுக்கி முடித்ததும் நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போடுவது என் வழக்கம். பிறகு எவன் திருகினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். உடைந்த கோடுகளோடு காப்பிக்கடைக்கு வருகிறேன். அங்கே மன்னிப்புக் கேட்கப்போவது யார் என்று பார்ப்போம்!

உங்கள் வீட்டம்மாவுக்கு என் சலாம். உங்கள் சாலைகளில் பள்ளம் குறைய என் துஆ.

இப்படிக்கு,
தலை குனியாத கமைஸ்

பின்குறிப்பு: பார்த்துவிட்டேன். பத்துக் கோடும் நேராக இருக்கின்றன. முறிந்த ஸ்டட்டின் கோடும்கூட. நீங்கள் தொடவில்லை. கோடு போடுவதற்கு முன்னால், 'மச்சான் வண்டியாச்சே' என்று, குழாய் மாட்டிப் பரக்கத்துக்கு ஓர் இழுப்பு இழுத்தவன் நான்தான். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை வந்து எல்லார் முன்னாலும் கேட்டுவிடுகிறேன். ஆனால் மரைக் கணக்கு சரி. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.