பசியோடு பாடம் நடத்திய சிறுத்தை

ஒரு காட்டில், கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த சிறுத்தை ஒன்று இருந்தது. அதன் பெயர் சாந்தமூர்த்தி. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், பெற்றவர்கள் ஆசையாக வைத்தது.

மற்ற சிறுத்தைகள் மானைக் கண்டால் துரத்தும். சாந்தமூர்த்தியும் துரத்தும். ஆனால் ஓடும்போதே, மான் இந்த வேகத்தில் போனால், நான் அந்த வேகத்தில் போனால், எந்த மரத்தடியில் இருவரும் சந்திப்போம் என்று மனக்கணக்குப் போடும். விடை சரியாக வந்துவிட்டால் போதும், சந்தோஷத்தில் மானை மறந்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து நகத்தால் மண்ணில் கணக்கை எழுதிப் பார்க்கும். மான் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு, இது தேறாத கேஸ் என்று நடந்தே போய்விடும்.

ஓடைக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தலைமையாசிரியை மகுடேஸ்வரி ஓர் எருமை. தலையில் இடி விழுந்தாலும் அசைபோட்டு முடித்துவிட்டுத்தான் என்ன சத்தம் என்று கேட்பார். வருஷா வருஷம் சாந்தமூர்த்தி அவரிடம் வேலை கேட்டுப் போகும். ஒருமுறை அவரும் மனமிரங்கி, ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார். சாந்தமூர்த்தி உள்ளே காலெடுத்து வைத்ததும் வகுப்பு மொத்தமும் மரத்தின் மேல் இருந்தது. மரம் ஏறத் தெரியாத பன்றிக்குட்டிகூட மேலே இருந்தது. எப்படி ஏறியது என்று அதற்கே இன்றுவரை தெரியாது.

"தம்பி, உங்க பாடம் சுத்தம்," என்றார் மகுடேஸ்வரி. "ஆனா அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப ஒவ்வொரு பேருக்கும் நாக்கைச் சப்புக் கொட்டறீங்க. பிள்ளைங்க பயப்படுதுங்க."

சாந்தமூர்த்தி வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பியது. குகைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதது. அதற்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கரும்பலகை, எதிரே பிள்ளைகள், "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று ஒரு பொய். அவ்வளவுதான் ஆசை.

அந்தச் சமயத்தில்தான் காட்டுக்குள் ஓர் இருமல் காய்ச்சல் நுழைந்தது. யாரும் யாரையும் நெருங்கக் கூடாது, அவரவர் பொந்தில் அவரவர் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். உடனே ஒரு நரி கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தது. 'ஞானப்பொந்து' என்ற செயலியைக் காட்டி, இனிமேல் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம், பள்ளிக்கூடமே பொந்துக்குள் வரும் என்றது. கட்டணத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அது பிறகு தானாகத் தெரிந்தது.

கணக்கு வாத்தியாராக இருந்த ஆமை முதல் வகுப்பிலேயே கைபேசியில் எதையோ அழுத்த, திரையில் அதன் முகம் தலைகீழாகி, பூனைக் காதும் மீசையும் முளைத்துவிட்டன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆமை ஓட்டுக்குள் போனதுதான், அப்புறம் வெளியே வரவில்லை. மகுடேஸ்வரி அசைபோட்டு யோசித்தார். பிள்ளைகள் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம். நடுவில் ஏழு குன்று. வாத்தியார் சிறுத்தையாக இருந்தால்தான் என்ன?

இப்படியாகச் சாந்தமூர்த்திக்கு வேலை கிடைத்தது. வாத்தியார் ஆனபின் 'அது' என்று சொல்வது மரியாதையில்லை. இனி சாந்தமூர்த்தி சார் என்றே சொல்வோம்.

முதல் நாள் சார் மீசையைச் சீவிக்கொண்டு கைபேசி முன்னால் உட்கார்ந்தார். திரை விரிந்தது. சின்னச் சின்னக் கட்டங்களில் வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. முயல்குட்டி, மான்குட்டி, அணில், கௌதாரி, பன்றிக்குட்டி. இனிப்புக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வகைவகையாக அடுக்கி வைத்தது போல இருந்தது. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததால் சாருக்கு வேட்டையும் இல்லை. ஓடை நண்டும் விளாம்பழமும் தின்று காலம் தள்ளிக்கொண்டிருந்த வயிறு. அந்த நேரம் பார்த்துக் குண்டுமணி என்ற முயல்குட்டி, கன்னம் இரண்டும் திரையை அடைக்க, "சார், வகுத்தல்ல ஒரு சந்தேகம்" என்று கிட்டே வந்தது.

சார் கைபேசியைக் கடித்துவிட்டார்.

மகுடேஸ்வரி கேட்டபோது நெட்வொர்க் பிரச்சினை என்று சொல்லிச் சமாளித்தார். எல்லா வாத்தியார்களும் அதைத்தான் சொன்னார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் சார் அன்று முழுவதும் அவமானத்தில் குன்றிப்போய்க் கிடந்தார். பாடத்தில் சந்தேகம் கேட்ட பிள்ளையைக் கடிக்கப் போனோமே என்று தன் பல்லின் மீதே வெறுப்பு வந்தது. மறுநாள் முதல் ஒரே கட்டளை: என் வகுப்பில் யாரும் கேமராவைப் போடக் கூடாது.

காடே வாயைப் பிளந்தது. மற்ற வாத்தியார்கள் எல்லாம் கேமராவைப் போடு, போடு என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. அணைக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான். பிள்ளைகளின் மனசு அறிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டார். சிலசமயம் குரலைக் கேட்டாலே பசி வயிற்றைக் கிள்ளும். அப்போது அவர்களின் மைக்கையும் அணைக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடம் நடத்துவார். என்ன ஒரு ஈடுபாடு என்றார்கள். நரி ஓடிவந்து அவர் படத்தைப் போட்டு, 'பசியோடு கற்பிக்கும் ஆசிரியர்' என்று மரத்துக்கு மரம் விளம்பரம் ஒட்டியது. வாழ்க்கையில் நரி சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பரீட்சை வந்தது. வகுப்பு மொத்தமும் நூற்றுக்கு நூறு. சாருக்குத் தலைகால் புரியவில்லை. குகைக்குள் தனியாகக் குதித்தார், கூரையில் தலையை இடித்துக்கொண்டார், மறுபடியும் குதித்தார்.

பரீட்சை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. குண்டுமணியின் அம்மா சொர்ணத்துக்குத் தெரியும். ஒரே ஈற்றில் பதினோரு குட்டிகள் போட்டவள் அவள். பதினொன்றும் ஒரே வகுப்பு. பதினோரு பரீட்சையும் அவளே எழுதினாள். எழுதும்போது ஒன்று அவள் காதைப் பிடித்து ஊஞ்சல் ஆடும், ஒன்று பொந்தின் சுவரைப் பறித்துப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், மீதி ஒன்பதும் பசிக்குது என்று ஒரே குரலில் கத்தும். காய்ச்சலுக்கு முன்பு காட்டிலேயே சாதுவான முயல் என்று பேர் வாங்கியவள், இப்போது யாராவது 'அம்மா' என்று கூப்பிட்டாலே பல்லைக் கடிக்கிறாள்.

ஒருவழியாகக் காய்ச்சல் ஓய்ந்தது. பள்ளிக்கூடம் திறக்கிறோம், நேரடி வகுப்பு என்று அறிவிப்பு வந்தது. காடே கூத்தாடியது. சார் மட்டும் வெலவெலத்துப் போனார்.

இத்தனை நாளில் பிள்ளைகள் மீது அவருக்கு உண்மையாகவே பாசம் வந்துவிட்டது. யாருக்கு ஏழாம் வாய்ப்பாடு தடுக்கும், யார் கடன் வாங்கிக் கழிக்கும்போது கடனைத் திருப்பித் தர மறப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் பாசம் நெஞ்சில் இருக்கிறது, பசி வயிற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு பிள்ளையைத் தின்றுவிட்டால் அப்புறம் தான் வாத்தியார் இல்லை, வெறும் சிறுத்தைதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மகுடேஸ்வரியிடம் ஓடினார். ஆன்லைன் வகுப்பையே தொடரலாம் என்று கெஞ்சினார். மேலிடத்து உத்தரவு, ஒன்றும் செய்வதற்கில்லை, வேண்டுமானால் பெற்றோர் கூட்டம் போடுகிறேன், நீங்களே பேசுங்கள் என்றார் அவர்.

கூட்டம் கூடியது. சார் தூரத்தில் ஒரு பாறைமேல் நின்றுகொண்டார். மனசில் இருந்ததை அப்படியே கொட்டிவிடுவது என்று முடிவு.

"உங்க பிள்ளைங்களை என்கிட்ட அனுப்பாதீங்க," என்றார். "நான் சிறுத்தை."

"எல்லா வாத்தியாருக்கும் ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்யும் சார்," என்றாள் சொர்ணம்.

"புரியாமப் பேசாதீங்கம்மா. பசி வந்தா ஒண்ணு ரெண்டைச் சாப்பிட்டாலும் சாப்பிட்டுருவேன்."

பெற்றோர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு முள்ளம்பன்றி எழுந்து, அப்படி நடந்தால் மீதிப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு லீவு விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டீர்களே என்று கவலையோடு கேட்டது. மாட்டோம், சாயங்காலம் வரை வைத்திருப்போம் என்று மகுடேஸ்வரி உறுதி கொடுத்தார். கூட்டத்துக்கு உயிர் வந்தது.

"ஒன்பது மணிக்குத்தானே திறப்பீங்க?" என்றாள் சொர்ணம். "எட்டு மணிக்கே கொண்டாந்து விடலாமா சார்?"

சார் பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

திறப்பு நாள் வந்தது. சார் விடியற்காலையிலேயே வயிறு முட்ட விளாம்பழம் தின்றார். வாய்க்கு இரண்டு முகக்கவசம் போட்டு, அதன்மேல் கொடியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். பிள்ளைகள் மரம் ஏறவில்லை. சார், சார் என்று காலைக் கட்டிக்கொண்டார்கள். அவ்வளவு பிள்ளைகளின் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியது. விளாம்பழம் வயிற்றில் எங்கே போனதென்று தெரியவில்லை. குண்டுமணி அவர் மடியிலேயே ஏறி உட்கார்ந்து வகுத்தல் சந்தேகத்தைக் கேட்டது. அவர் கை தானாகவே முகக்கவசக் கொடியை அவிழ்க்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வழிந்தது, கை நிற்கவில்லை. கொடி அவிழ்ந்தது.

"சார்," என்று வாசலில் மகுடேஸ்வரி. "வருகைப்பதிவை ஞானப்பொந்துல ஏத்திட்டீங்களா? ஒவ்வொரு பிள்ளை முகத்தையும் போட்டோ எடுத்து ஏத்தணுமாம். மேல இருந்து கேக்கறாங்க."

சார் குண்டுமணியைக் கீழே இறக்கிவிட்டுக் கைபேசியை எடுத்தார். குண்டுமணியின் முகத்தைச் செயலி ஏற்றுக்கொண்டது. அதன் பத்து உடன்பிறப்புகளையும், இந்தப் பிள்ளை ஏற்கெனவே வந்தாயிற்று என்று தள்ளிவிட்டது. காதை மடக்கி எடுத்தார், நிமிர்த்தி எடுத்தார், சிரிக்கச் சொல்லி எடுத்தார். பத்தாவது முயலை ஏற்றும்போது சர்வர் படுத்துவிட்டது. எழுந்தபோது முதலில் இருந்து ஏற்றச் சொன்னது. முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்தது. ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். சார் பிள்ளைகள் சாப்பிடுவதைப் படம் எடுத்தார். அதன்பின், நேரடி வகுப்பு நடத்துவது எப்படி என்று வாத்தியார்களுக்கு ஆன்லைன் பயிற்சி. நரிதான் நடத்தியது, கேமராவைப் போட்டே தீர வேண்டும் என்றது. பயிற்சி முடிந்ததும், அதில் கலந்துகொண்டதற்கு ஆதாரமாகத் தன் படத்தைத் தானே எடுத்து ஏற்றினார். தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. காட்டில் எத்தனை பொந்து, அதில் எத்தனை பொந்துக்குக் கதவு என்று கணக்கெடுத்து மாலைக்குள் அனுப்பச் சொல்லி இன்னோர் உத்தரவு வந்தது. வகுத்தல் சந்தேகத்தோடு குண்டுமணி மூன்று முறை பக்கத்தில் வந்து நின்றது. இரு கண்ணு, இரு கண்ணு என்றார்.

மணி அடித்தது.

சொர்ணம் வாசலில் நின்று, வந்த பிள்ளைகளை எண்ணினாள். பதினொன்றும் இருந்தன. மறுபடியும் எண்ணினாள். நம்ப முடியாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். சார் கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் படுத்துக் கிடந்தார். முகக்கவசம் ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சார், ஒண்ணுமே சாப்பிடலையா?"

"நேரமே கிடைக்கலைம்மா."

"பாடமாவது நடத்துனீங்களா?"

சாந்தமூர்த்தி சார் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கைபேசி அடித்தது.

நீதி: பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டுமானால், வாத்தியாரைச் செயலியில் கட்டிப் போடுக. பிள்ளைகள் படிக்கவும் வேண்டுமானால், வேறு கதை பார்க்கவும்.