திருகாணி அண்ணையும் அவ்வொகாத்தோவின் துவக்கும்

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் ஆடுகிற எதையும் ஆடவிடாத ஒரே மனிதர் திருகாணி அண்ணைதான். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனை செருகுவார்கள், அவர் திருப்புளி செருகுவார். அவருடைய சொந்தப் பெயரை வதிவிட அனுமதிப் பத்திரமான பெர்மெஸ்ஸோவில் மட்டும்தான் காணலாம்.

யாரோ சொன்ன கதை இல்லை, பக்கத்தில் நின்று பட்டவன் சொல்கிறேன். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க இருவரும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போயிருந்தோம். அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டபோது ஆள் கதிரைக்கு அடியில் படுத்திருந்தார். "பொறுங்கோ, இந்தக் கால் ஆடுது!" என்று குரல் மட்டும் வந்தது. கதிரை நிமிர்ந்தது, இலக்கம் போய்விட்டது. மொண்டெல்லோவில் நான் வேலை செய்த கடற்கரைக் கடைக்கு ஒருநாள் வந்தார். அவர் முறுக்கிய மடக்குக் கதிரை அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. குளிர்காலம் முழுவதும் விரித்தபடி நின்றது. ஏச்சு வாங்கியது நான்.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் மிலானோவில் இருக்கும் சிஞ்ஞோரா கியாரா தன் தகப்பனை ஒப்படைத்திருந்தார். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்து வீட்டில் தனியே இருந்த ஓய்வுபெற்ற வழக்கறிஞர் அவர். ஊரே 'அவ்வொகாத்தோ' என்றுதான் கூப்பிடும். அண்ணை தமிழில் கதைப்பார், கிழவர் சிசிலியனில் திட்டுவார். இருவருக்கும் விளங்காமல் ஒரு சொல் விடுபடாது.

அவ்வொகாத்தோவின் உயிர் ஒரு பழைய துவக்கில் இருந்தது. தகப்பன் விட்டுப்போனது. வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்கவேண்டும். வருடா வருடம் அப்படிப்பட்ட துவக்குக்காரர்களுக்கு ஒரு போட்டி நடக்கும். கடைசியாக நடந்த போட்டிகளில் அவருடைய குண்டு இலக்குக்குப் பின்னால் நின்ற மலையைத் தவிர வேறொன்றிலும் படவில்லை.

"அப்பாவுக்குக் கண் போய்விட்டது. இனித் தனியே விடமுடியாது. இந்த முறை கறுப்பு வட்டத்தில் ஒரு குண்டாவது படாவிட்டால் என்னோடு மிலானோவுக்கு வரவேண்டும்," என்றார் கியாரா. வீம்புக்குக் கிழவரும் தலையாட்டிவிட்டார்.

அன்று அண்ணை என் அறைக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

"தம்பி, மனுசன் அங்கை போனால் அந்தக் குளிரிலை ஒரு மாரி தாங்கமாட்டார். எனக்கும் இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?"

வழி காட்டியது மக்கரோனி வடிக்கிற ஓட்டைச் சட்டி. தொலைக்காட்சியில் பந்தாட்டப் புள்ளி தெரியவில்லை என்று கிழவர் கத்த, அண்ணை எரிச்சலில் அந்தச் சட்டியை அவர் தலையில் கவிழ்த்துவிட்டார். முகத்துக்கு முன்னால் வந்த ஓட்டை வழியாகக் கிழவர் புள்ளியை வாசித்தார்! சின்ன ஓட்டையால் பார்த்தால் மங்கல் கண்ணுக்கும் கிட்டவும் எட்டவும் ஒன்றாகத் தெளியுமாம்.

"ஐயா, உங்கடை துவக்குக்கும் ஒரு ஓட்டை போதும்!" என்று துள்ளினார் அண்ணை.

வியா மக்வேதா வீதிக்குப் பின்சந்தில் இருந்த துவக்குக் கடைக்காரர், அப்படி ஓட்டை வைத்த குறிப்பார்வை உண்டு என்றார். ஆனால் துளை போடவேண்டும். "என் தகப்பனின் துவக்கில் துளையா? முதலில் என் மண்டையில் போடு!" என்றார் அவ்வொகாத்தோ. கடைசியில் கடைக்காரர், குழாயின் வாலைக் கட்டையோடு பிடித்திருந்த பழைய திருகாணியைக் கழற்றி, அதே துளையில் நீளமான ஒன்றைப் போட்டுக் குறிப்பார்வையின் தாங்கியைப் பூட்டினார். பார்வையை மறைத்துக்கொண்டிருந்த பழைய குறிவெட்டையும் எடுத்துவிட்டார். "இன்னும் ஒரு முறுக்கு, இன்னும் ஒரு முறுக்கு!" என்று பக்கத்தில் நின்ற அண்ணையை அவர் கடைக்கு வெளியே தள்ளிக் கதவைப் பூட்டவேண்டியிருந்தது.

தாங்கியில் திருகிப் பூட்டுகிற ஓட்டைத் தட்டு, சட்டைப் பொத்தான் அளவுதான். துவக்கைத் தொட அண்ணைக்கு அனுமதி இல்லை. ஆகவே தட்டுக்குக் காவல் அவர். பயிற்சிக்குப் போனோம். முதல் வெடி கீழே பட, அவ்வொகாத்தோ ஓட்டையைச் சற்று மேலே உயர்த்தினார். அடுத்த குண்டு கறுப்பில் பட்டது. அண்ணை என்னைத் தூக்கிச் சுற்றினார்.

போட்டி வந்த நாள் எங்களுக்கு ஆயுத பூசை. சலவை இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, என் கார் எல்லாவற்றிலும் அண்ணையின் கைவரிசையில் சந்தனமும் குங்குமமும். அந்தக் கோலத்தில்தான் காரை ஓட்டிப்போனேன். மிலானோவிலிருந்து கியாராவும் வந்து நின்றார்.

அவ்வொகாத்தோ தட்டைப் பூட்டினார், மருந்திட்டார், குண்டை இடித்தார், கன்னத்தைச் சாய்த்தார். அப்படியே நின்றார். பிறகு மெதுவாகத் துவக்கை இறக்கினார்.

"இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. கியாரா, பெட்டியைக் கட்டு."

"ஐயா, கண்ணைத் திறந்தோ பாத்தனீங்கள்?" என்றார் அண்ணை. கிழவருக்குத் திட்டக்கூட மனம் வரவில்லை. தட்டைக் கழற்றி நீட்டினார். அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டை இருந்த இடத்தில் காய்ந்து இறுகிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்!

"அட பாவி மனுசா, இதுக்குமோ வைச்சனீங்கள்?"

"முக்கியமான ஆயுதம் இதெல்லோ தம்பி! இதுக்கு வைக்காமல் வேறை எதுக்கு வைக்கிறது?"

எச்சில் தொட்டுத் தேய்த்தார், சந்தனம் இன்னும் உள்ளே போனது. திருப்புளி முனை நுழையவில்லை. நடுவர் நேரத்தைச் சொல்லிக் கத்துகிறார். அண்ணையின் கண் கலங்கிவிட்டது. "என்ரை கையாலையே மனுசனை அனுப்பிப்போட்டன்," என்றார்.

அப்போது கியாரா தன் காதுத் தோட்டைக் கழற்றினார். தட்டைப் பிடுங்கி, தோட்டின் காம்பால் குத்தி, ஊதி, தகப்பனின் கையில் வைத்தார். சும்மா நின்றிருந்தாலே வென்றிருப்பார் அந்தப் பெண்.

வெடித்தது. வெள்ளைப் புகை எங்களை விழுங்கியது. புகைக்குள்ளே அண்ணை முருகனையும் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவையும் மாறி மாறிக் கூப்பிடுவது மட்டும் கேட்டது. இலக்குத் தாள் வந்தது. கறுப்பு வட்டத்தின் ஓரத்தைக் கடித்தபடி ஒரு துளை.

கியாரா அந்தத் துளையில் விரலை வைத்துப் பார்த்தார். தகப்பனின் நெற்றியில் முத்தமிட்டார். "குளிர் தொடங்கினால் கழுத்துக்குத் துணி கட்டிவிடு," என்று அண்ணையிடம் சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குத் தனியே புறப்பட்டார். அண்ணை அப்போதே கிழவரின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டார்.

திரும்பும்போது பின் இருக்கையில் அவ்வொகாத்தோ அண்ணையின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். பொலிதேயாமா வந்ததும், "எழுப்புங்கோ அண்ணை, இறங்குவம்," என்றேன்.

"உஷ்! மனுசன் இப்பதான் கண்ணயர்ந்தவர். இன்னொருக்கா சுத்தி வா தம்பி."

பெற்றோல் முள் அடியில் கிடந்தது. வாய்வரை வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டு மறுபடி சுற்றினேன். அன்று அவர் கேட்டிருந்தால் தீவின் மறுமுனை மெசீனா வரைக்கும் ஓட்டியிருப்பேன்.